சனிக்கிழமை சூறைக்காற்று என்கிறார்கள்: தார் போட்ட வாழையை இரண்டு நாளில் எப்படிக் காப்பது?

வைகைக்கரை மருமகள்
வியாழக்கிழமை, மாலை 6.40

அனைவருக்கும் வணக்கம். சோழவந்தானுக்கு மேற்கே, வைகையின் வடகரையில் நாங்கள் ஒரு ஏக்கரில் வாழை வைத்திருக்கிறோம். சென்ற ஆனி மாதம் நட்டது. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஏறத்தாழ 1,150 மரங்கள் நிற்கின்றன. அவற்றில் 800 ஜி-9 என்னும் திசு வாழை (ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் உண்டாக்கிய கன்று). மற்றவை இலைக்காக வரப்போரம் வைத்த நாட்டு வாழை. திசு வாழையில் பெரும்பாலானவை தை மாதக் கடைசியிலும் மாசியிலும் தார் போட்டுவிட்டன. கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் கழித்து வெட்டு ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருந்தோம். இன்று பிற்பகல் கைப்பேசிக்கு வந்த எச்சரிக்கையில், சனிக்கிழமையன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இடி மின்னலுடன் மழையும், மணிக்கு 50 கிலோமீட்டர் வரை சூறைக்காற்றும் இருக்கலாம் என்று ஆரஞ்சு நிறத்தில் போட்டிருக்கிறார்கள்.

சித்திரையில் இப்படி ஒரு காற்றை நாங்கள் முன்பும் பார்த்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அழகர் மலைக்குத் திரும்பிய அடுத்த வாரத்தில், பதினைந்து நிமிடங்களுக்கு மேல் போகாத ஒரு காற்றில் முந்நூறு மரங்களை இழந்தோம். மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு மரம் ஒடியும்போதும் ஈரத்துணியைக் கிழிப்பது போன்ற சத்தம் கேட்டது. அது இன்னும் காதிலேயே இருக்கிறது. அந்த ஆண்டின் கடனில் பாதி இன்னும் அடையவில்லை.

என் கணவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வர இயலாது. இங்கே நானும் அத்தையும், நாளை ஒரு நாளைக்கு மட்டும் வருவதாகச் சொன்ன இரண்டு ஆட்களும் இருக்கிறோம். கைவசம் 200 சவுக்குக் கம்புகளும் ஒரு மூட்டை பிளாஸ்டிக் சணலும் உள்ளன. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தண்ணீர் குடித்த மரம்தான் கல் போல நிற்கும், நாளைக் காலை மும்முனை மின்சாரம் வந்ததும் நன்றாகப் பாய்ச்சிவிட வேண்டும் என்கிறார் அத்தை. இலைகளை எல்லாம் கழித்துவிட்டால் காற்றுக்குப் பிடி இருக்காது என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நாளையே எல்லாத் தார்களையும் வெட்டிக் கொடுத்துவிடுங்கள், பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் வியாபாரி. இந்த மூன்றில் எதைச் செய்வது, எதை விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் இன்றிரவே திட்டமிட்டுக்கொள்வேன்.


கட்டைவாழை (வாடிப்பட்டிப் பக்கம்)
வியாழக்கிழமை, இரவு 8.15

தங்கைக்கு வணக்கம். முதலில் தண்ணீர்ப் பிரச்சினையை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதைத்தான் நாளைக் காலை முடிவு செய்ய வேண்டும். வாழை இரண்டு விதமாக விழும். ஒன்று, கிழங்கோடு பெயர்ந்து சாய்வது. மற்றொன்று, தண்டு இடுப்பில் ஒடிவது. வாழை வேர் ஆழமாகப் போவதில்லை. பெரும்பகுதி மேல் மண்ணில் ஓர் அடி, ஒன்றரை அடிக்குள்தான் பக்கவாட்டில் பரவிக் கிடக்கிறது. மண் சேறாக இருக்கும்போது காற்று அசைத்தால் கிழங்கு ஆடிக் குழி பெரிதாகி, மரம் அப்படியே படுத்துவிடும். எனவே வெள்ளியும் சனியும் பாய்ச்ச வேண்டாம். அதே நேரத்தில், உங்கள் அத்தை சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. வாழைத்தண்டு என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். வாரக்கணக்கில் வாடிய மரம் விறைப்பிழந்து இடுப்பில் ஒடியும். கடைசியாக எப்போது பாய்ச்சினீர்கள்? நான்கைந்து நாளுக்குள் என்றால் கவலையில்லை, விட்டுவிடுங்கள். பத்து நாளாகிவிட்டது என்றால் இன்றிரவே அரைப்பாய்ச்சலாகக் கொடுத்துவிட்டு, நாளை முழுவதும் காயவிடுங்கள்.

கம்புகளுக்கு வருகிறேன். இருநூறு கம்புகளை இருநூறு மரங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பது வழக்கமான தவறு. சாதாரண நாளில், தார் கனத்துக்கு மரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஒரு கம்பு போதும். சூறைக்காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. ஒற்றைக் கம்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு கம்புகளைக் கத்தரிக்கோல் போலக் குறுக்காக வைத்து, தார் வெளியே வரும் கழுத்துக்குக் கீழே சேர்த்துக் கட்டி, அடியை அரை அடியாவது மண்ணில் இறக்குங்கள். நூறு மரங்களுக்குத்தான் வரும், வரட்டும். பெரிய தார் இருக்கிற, ஏற்கெனவே சாய்ந்திருக்கிற, தோட்டத்தின் வெளி வரிசையில் நிற்கிற மரங்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுங்கள். உள்ளே நிற்பவற்றுக்கு வெளியே நிற்பவையே ஓரளவு மறைப்பு.

மீதி மரங்களுக்குச் சணல். இதில் ஒரே ஒரு விதி: ஒரு மரத்தின் கழுத்தை எதிரே உள்ள மரத்தின் அடித்தண்டில் கட்ட வேண்டும்; கழுத்தோடு கழுத்தைக் கட்டவே கூடாது. கழுத்தோடு கழுத்தைக் கட்டினால் ஒன்று விழும்போது அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். ஆட்கள் குனிவதற்குச் சோம்பல்பட்டு மேலேயே கட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இலை விஷயத்தில் நான் உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கட்சிதான். கீழே தொங்கும் சருகுகளையும் பழுத்த இலைகளையும் நாளையே அறுத்துவிடுங்கள். மேலே ஐந்தாறு இலைகளை விட்டால் போதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அகன்ற இலை பாய்மரம் போலத்தான்.


வானம் பார்த்தவன் (மதுரை)
வியாழக்கிழமை, இரவு 9.50

நான் வாழை வைத்தவன் அல்ல; முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தியவன். ஆகவே எச்சரிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். அதைச் சரியாகப் படித்தால் வியாபாரிக்கு என்ன பதில் சொல்வது என்பதும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வங்கக்கடல் புயலும் இதுவும் ஒன்றல்ல. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில், நாள்கணக்கில், பாதை தெரிந்து வருவது. கோடை இடிமழையோ பகல் முழுவதும் காய்ந்த தரையின் சூட்டிலும், பிற்பகலில் கிழக்கிலிருந்து உள்ளே நுழையும் கடற்காற்றின் ஈரத்திலும், சிறுமலை, கொடைக்கானல் மலைச்சரிவு போன்ற மேடுகள் கொடுக்கும் உந்துதலிலும் சில மணி நேரத்துக்குள் முளைத்து, வளர்ந்து, கொட்டி, கலைந்துவிடுவது. ஒரு மேகத்திரளின் அடிவாரம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். சமயநல்லூரில் கூரை பறக்கும்போது திருமங்கலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு நாளுக்கு முன்பு வானிலைத் துறையால் சொல்ல முடிவதெல்லாம், இந்த மாவட்டத்தில் அத்தகைய மேகங்கள் முளைப்பதற்கான சூழல் இருக்கிறது என்பது மட்டுமே. எந்த ஊர், எந்தத் தோட்டம் என்பது மேகம் முளைத்த பிறகுதான் தெரியும். அதற்காகத்தான் மூன்று மணி நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் உடனடி முன்னறிவிப்பைத் தனியாக வெளியிடுகிறார்கள். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே செயல்படுதல் என்பது பொருள். ஆரஞ்சு வந்திருப்பதால் உங்கள் தோட்டத்தில் காற்று நிச்சயம் என்று ஆகிவிடாது.

ஆகவே என் கணக்கு இது. காற்று வராமலே போய்விட்டாலும் நட்டம் தராத வேலைகளை எல்லாம் தயங்காமல் செய்துவிடுங்கள்: தண்ணீரை நிறுத்துவது, கம்பு கொடுப்பது, சணல் கட்டுவது, சருகு அறுப்பது. காற்று வராவிட்டால் கையைக் கடிக்கும் வேலைகளை, அதாவது விளையாத தாரைப் பாதி விலைக்கு வெட்டுவது, பச்சை இலையை மொட்டையடிப்பது போன்றவற்றை, செய்யாதீர்கள். வியாபாரி அந்த எச்சரிக்கையை உங்களைவிடக் கவனமாகப் படித்திருக்கிறார் என்பது என் ஐயம்.

சனிக்கிழமை பிற்பகல் ரேடார் படம் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். காரைக்கால் டாப்ளர் ரேடார் மதுரையிலிருந்து நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால் அவ்வளவு தூரம் வந்து சேரும்போது அதன் கதிர் தரையிலிருந்து நான்கு கிலோமீட்டருக்கும் மேலே போய்விடுகிறது. அதில் நாம் பார்ப்பது மேகத்தின் தலையைத்தான். காலடியில் வீசும் காற்றை அது காட்டாது. அந்தக் காற்று பிறக்கும் விதமே வேறு: மேகத்திலிருந்து விழும் மழை, கீழே இருக்கும் வறண்ட சூடான காற்றில் பாதி ஆவியாகி அதைக் குளிர்வித்துவிடுகிறது, குளிர்ந்து கனத்த காற்று தொப்பென்று தரையில் விழுந்து நாலாபக்கமும் சிதறி ஓடுகிறது. மழைக்கு முன்னால் குளிர்காற்றும் புழுதியும் வருவது அதனால்தான். புழுக்கம் திடீரென்று நின்று முகத்தில் சில்லென்று பட்டால், அதன் பிறகு உங்களுக்கு மிஞ்சுவது சில நிமிடங்களே.


கொடிக்கால் அக்கா (சோழவந்தான்)
வெள்ளிக்கிழமை, அதிகாலை 5.35

எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அதற்கு மறைப்பாக மூன்று பக்கமும் வாழை உண்டு. கட்டைவாழை அண்ணன் சொன்னதில் கம்பும் சணலும் நூற்றுக்கு நூறு சரி. இலையில்தான் நான் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. தார் தள்ளிய பிறகு வாழை புது இலை விடாது; இருக்கிற இலையை வைத்துத்தான் காயை உருட்ட வேண்டும். தார் தள்ளும் சமயத்தில் மரத்தில் எட்டு இலையாவது நன்றாக இருக்க வேண்டும் என்று தோட்டக்கலைக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இன்னும் இரண்டு மூன்று வாரம் விளைய வேண்டிய தாருக்கு ஐந்து இலையை மட்டும் விட்டால் காய் மெலிந்து, எடை குறைந்து, வெயில் நேரே தாரில் பட்டுத் தோல் கருகிவிடும். காற்றுக்குத் தப்பினாலும் விளைச்சல் போய்விடும். இன்னொன்றும் கவனியுங்கள்: தோட்டத்தில் ஏற்கெனவே நார்நாராகக் கிழிந்து தொங்கும் இலைகள் காற்றை வடிகட்டி விட்டுவிடும், அவற்றைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அறுக்க வேண்டாம். முழுதாக விரிந்த இலைதான் காற்றை வாங்கும். சருகையும் பழுப்பையும் மட்டும் அறுங்கள். நாட்டு வாழையில் விற்பதற்கான இலைகளை நாளை வெட்டுவதற்குப் பதில் இன்றே வெட்டிக் கட்டாக்கி மதுரைக்கு அனுப்பிவிடுங்கள். அது இருபக்கமும் இலாபம்.

நான் எழுத வந்த காரணம் வேறு. இப்போது எல்லோரும் மரத்தைப் பற்றியே பேசுகிறோம். போன முறை எங்கள் தெருவில் ஒருவர், வானம் கறுத்த பிறகு கடைசியாக நாலு மரத்துக்குக் கம்பு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போய், தென்னை மரத்தடியில் மின்னல் தாக்கி விழுந்தார். எனவே சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மேல் தோட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று இன்றே ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால், அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் வெளியில் நிற்கக் கூடாது. தாமினி செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டால், 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். மாட்டைப் புளியமரத்தில் கட்டாமல் தொழுவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மோட்டார் அறையில் நின்றதாக எழுதியிருந்தீர்கள். தகரக் கூரையா, காரைக் கூரையா என்று தெரியவில்லை; எதுவானாலும் சுவிட்சுப் பெட்டியிலிருந்தும் இரும்புக் குழாயிலிருந்தும் தள்ளி நில்லுங்கள்.


வைகைக்கரை மருமகள்
வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.20

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாகப் பாய்ச்சியது திங்கட்கிழமை. ஆகவே தண்ணீரை நிறுத்திவிட்டோம். அத்தைக்கு மனம் இல்லை. காலையில் இரண்டு முறை மோட்டார் அறைப்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். கம்புகளை இரண்டிரண்டாகத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மதியத்துக்குள் எழுபது மரம் முடிந்தது. சருகு மட்டும் அறுத்தோம். நாட்டு வாழையில் எட்டுக் கட்டு இலை காலை வண்டியில் போய்விட்டது.

வியாபாரி மறுபடியும் பேசினார். மேற்கு வரிசைகளில் முன்னதாகத் தார் போட்ட எழுபது மரங்கள் இருக்கின்றன. காயின் விளிம்பு மழுங்கி உருளத் தொடங்கியிருக்கிறது. நுனியில் இருந்த காய்ந்த பூ தொட்டால் உதிர்கிறது. அவற்றை மட்டுமாவது வெட்டலாமா, அல்லது அவற்றையும் விட்டுவைக்கலாமா?


கட்டைவாழை
வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.05

அவற்றை வெட்டுங்கள். நீங்கள் சொல்வது முக்கால் விளைச்சலைத் தாண்டிய தார். வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் அந்தப் பருவத்தில்தான் வெட்டுவார்கள். அதற்குப் பாதி விலை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வியாபாரியிடம் எழுபது தார் மட்டும் தருகிறேன், இன்றைய மண்டி விலைக்கு எடுப்பதானால் எடுங்கள் என்று சொல்லுங்கள்; மறுத்தால் நேராக மதுரை மண்டிக்கு ஏற்றுங்கள். எழுபது தார் இறங்கினால் அந்த மரங்களுக்குக் கம்பும் தேவையில்லை. அங்கே மிச்சமாவது உள்ளே நிற்கும் கனத்த மரங்களுக்குப் போகும். இலை விஷயத்தில் கொடிக்கால் அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் நினைத்தது பத்து நாளில் வெட்டப்போகும் தோட்டத்தை. உங்களுடையது அதைவிட இளசு.


பழைய கணக்கு (மேலூர்)
வெள்ளிக்கிழமை, இரவு 7.30

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில செய்திகள். சேதம் ஏற்பட்ட பிறகு ஓடுவதைவிட இன்றே பார்த்துவைப்பது நல்லது.

உங்கள் நிலத்தின் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில், நடப்புப் பசலிக்கு (வருவாய் ஆண்டுக்கு) வாழை என்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வைகைப் பாசனப் பகுதியில் பல நிலங்களுக்கு அடங்கல் இன்னும் நெல் என்றே நிற்கிறது. நிவாரணக் கணக்கெடுப்புக்குக் கிராம நிர்வாக அலுவலரும் உதவித் தோட்டக்கலை அலுவலரும் வரும்போது, கண்ணெதிரே வாழை கிடந்தாலும் கணக்கில் நெல் இருந்தால் சிக்கல்தான். நாளைக் காலையில் தோட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும், நிற்கும் மரங்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்துவையுங்கள். விழுந்த பிறகு எடுக்கும் படத்துக்கு, விழுவதற்கு முன் எடுத்த படம்தான் சாட்சி.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பேரிடர் நிவாரணம் பெறப் பயிரில் குறைந்தது 33 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டுக்கு முன்பு அது 50 சதவீதமாக இருந்தது. 2022ஆம் ஆண்டு திருத்திய விதிமுறைப்படி நீர்ப்பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரத்தைக்கூடத் தொடாது. பயிர்க் காப்பீட்டைப் பொறுத்தவரை, பிரதமர் திட்டத்தில் வாழை போன்ற தோட்டப் பயிருக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். ஆனால் கெடு தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். எச்சரிக்கை வந்த பிறகு கட்ட முடியாது. கட்டியிருந்தாலும், தனி ஒருவரின் வயலை மட்டும் பார்த்து இழப்பீடு தருவது ஆலங்கட்டி மழை, நீர் சூழ்தல், மேகவெடிப்பு போன்ற சிலவற்றுக்குத்தான். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வெறும் காற்றினால் விழுந்ததை அந்தப் பகுதி முழுவதற்குமான விளைச்சல் இழப்பாகத்தான் பார்ப்பார்கள். ஆகவே ஆலங்கட்டி விழுந்தால் அதை உடனே படம் எடுங்கள். அரை மணியில் கரைந்துவிடும்.


வானம் பார்த்தவன்
சனிக்கிழமை, பிற்பகல் 3.25

சிறுமலைக்கு மேற்கே இரண்டு மேகத்திரள்கள் எழும்பியிருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் அரை மணி நேரத்துக்குள் அவை இரட்டிப்பாகிவிட்டன. மதுரை மாவட்டத்துக்கு உடனடி முன்னறிவிப்பும் இப்போது வந்துவிட்டது. தங்கை இதைப் படித்தால், தோட்டத்திலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். கட்டாத மரம் கட்டாமலே இருக்கட்டும்.


வைகைக்கரை மருமகள்
ஞாயிற்றுக்கிழமை, காலை 10.15

நேற்று மாலை எழுத முடியவில்லை. மின்சாரம் இன்று விடிந்த பிறகுதான் வந்தது. நாங்கள் எல்லோரும் நலம்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காற்று வந்தது. அதற்கு முன் ஒரு கால் மணி நேரம் ஓர் இலைகூட அசையவில்லை. வடமேற்கில் வானம் ஈயப்பாத்திரத்தின் அடி போல இருந்தது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து, கையில் இருந்த விசிறியை நிறுத்திவிட்டு, குளிர்கிறதே என்றார். அவர் எழுந்து உள்ளே வருவதற்குள் புழுதி வீட்டுக்குள் வந்துவிட்டது. காற்று பன்னிரண்டு நிமிடம், பிறகு மழை இருபது நிமிடம். ஆலங்கட்டி இல்லை. ஆற்றுக்கு அக்கரையில், அரை கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில், ஒரு சொட்டும் விழவில்லை என்று இன்று பால் ஊற்ற வந்தவர் சொல்கிறார்.

இன்று காலை எண்ணிப் பார்த்தோம். திசு வாழையில் 61 மரங்கள் போயின. நாட்டு வாழையில் இலை கிழிந்ததோடு சரி. கத்தரிக்கோல் கம்பு கொடுத்தவற்றில் நான்கு மட்டுமே விழுந்திருக்கின்றன. ஓரிடத்தில் வரிசையாக ஐந்து மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன; போய்ப் பார்த்தால் சணல் கழுத்தோடு கழுத்தாகக் கட்டியிருக்கிறது. அந்த வரிசையைக் கட்டியபோது நான் வண்டிக்கு இலை ஏற்றப் போயிருந்தேன். கிழங்கோடு பெயர்ந்தவற்றில் பெரும்பாலானவை தொட்டி மூலையில். அங்கே குழாய் இணைப்பில் ஒரு மாதமாகக் கசிவு; சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டிருந்தோம். நாங்கள் பாய்ச்சுவதை நிறுத்தினோம், அந்த மூலைக்குக் குழாயே பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. அத்தை அந்த மூலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் குழாயை அவிழ்த்து வைத்திருக்கிறார்.

எனக்குப் புரியாதது ஒன்று. பதினெட்டு மரங்கள் இடுப்பில் ஒடிந்திருக்கின்றன. அவை நின்ற இடத்தில் மண் ஈரமும் இல்லை, வாட்டமும் இல்லை. ஒடிந்த இடத்தில் தண்டுக்குள் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் ஓடியிருக்கின்றன. வெளியே தேன் போன்ற பிசின் வடிந்து காய்ந்திருக்கிறது. இது காற்றினால் ஆனதா? விழுந்த தார்களை என்ன செய்வது? சாய்ந்தும் விழாமலும் நிற்கும் இளமரங்கள் சில இருக்கின்றன. அவற்றைத் தூக்கி நிறுத்தலாமா?


கட்டைவாழை
ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.30

காற்று அல்ல; தண்டுக் கூன்வண்டு. அது மட்டைக்குள் முட்டையிட்டு, புழு உள்ளே குடைந்துகொண்டே போகும். பிசின் வடிவதுதான் அடையாளம். அந்த மரங்கள் இந்தக் காற்றில் இல்லாவிட்டால் அடுத்த காற்றில் ஒடிந்திருக்கும்; தார் கனத்தில் தானாகவேகூட ஒடியும். நிற்கும் மரங்களில் பிசின் தெரிகிறதா என்று இன்றே வரிசை வரிசையாகப் பாருங்கள். ஒடிந்த தண்டுகளைத் தோட்டத்திலேயே போட்டுவைத்தால் வண்டு அதிலேயே பெருகிப் பக்கத்து மரத்துக்கு ஏறும். துண்டு போட்டு வெளியே எடுத்து அழித்துவிட வேண்டும். நல்ல தண்டு சிலவற்றை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, இரண்டாகப் பிளந்து, பிளந்த பக்கம் கீழே இருக்கும்படி அங்கங்கே வைத்தால் வண்டு அதன் அடியில் வந்து கூடும். காலையில் புரட்டிப் பொறுக்கிக் கொல்லலாம்.

விழுந்த தாரில் முக்கால் விளைந்ததை இன்றே வெட்டி மண்டிக்கு அனுப்புங்கள்; இரண்டு நாள் கிடந்தால் வெயிலில் வெந்துவிடும். இளசானவை பழுக்காது; வறுவல் போடுகிறவர்கள் எடுத்தால் கொடுங்கள், இல்லையென்றால் மாட்டுக்கு. அந்தக் கிழங்குகளில் குறுகலான ஈட்டி இலையோடு இருக்கும் கன்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அறுத்துவிடுங்கள். மறுதாம்புக்கு, அதாவது அதே கிழங்கிலிருந்து வரும் அடுத்த பயிருக்கு, ஆகும். தார் போடாமல் சாய்ந்து நிற்கும் மரத்தை மண் ஈரமாக இருக்கும்போதே மெல்ல நிமிர்த்தி, அடியை மிதித்து, மண் அணைத்துக் கம்பு கொடுங்கள். வேர் பாதிக்குமேல் அறுந்திருந்தால் நிமிர்த்தி வீண்.


பழைய கணக்கு
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 12.10

எண்ணிக்கையைப் பார்த்தால் 1,150இல் 61. நூற்றுக்கு ஐந்தைத்தான் தாண்டுகிறது. நிவாரண வரம்புக்குள் வராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒரு மனுவைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். அடங்கலில் வாழை ஏறாமல் இருந்தால் அதைத் திருத்தக் கேட்பதற்கு அது ஒரு சந்தர்ப்பம். கட்டைவாழை சொன்னபடி தண்டுகளைத் துண்டு போடுவதற்கு முன், கிடக்கிற கிடையிலேயே எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். தொட்டி மூலையை எடுக்கும்போது கசிந்த குழாய் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதையும் சேர்த்தே எடுங்கள்.


வைகைக்கரை மருமகள்
ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.45

எடுத்துவிட்டேன். கணவர் மதியம் வந்து சேர்ந்தார். குழாய் இணைப்பை மாற்றிவிட்டார். பிசின் வடியும் மரங்கள் இதுவரை இருபத்தேழு தெரிந்திருக்கின்றன. தெற்கு வரிசைகளை இனிமேல்தான் பார்க்க வேண்டும். அடுத்த எச்சரிக்கை செவ்வாய்க்கிழமைக்கு மஞ்சளில் இருக்கிறது. கழுத்தோடு கழுத்தாகக் கட்டிய சணல்களை நானும் அத்தையும் அவிழ்த்து அடியில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.